கழிமுகத்தில் பிறந்தவன்

"என் உலகத்த ஏன் திறக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டான் அல்போன்ஸ்.

வாத்தியார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் மங்கையர்க்கரசி. அல்போன்ஸைவிட நாலைந்து வயது இளையவர். இணைய விளையாட்டுகளுக்கு உலகங்களைப் படைக்கிற அந்த நிறுவனத்தில், மலையை எங்கே வைப்பது, ஆற்றை எந்தப் பக்கம் திருப்புவது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதனால் வாத்தியார். அவர் தலையசைக்காமல் எந்த உலகமும் ஆட்டக்காரர்களுக்குத் திறப்பதில்லை.

அல்போன்ஸின் உலகம் தயாராகிப் பல வாரம் ஆகிவிட்டது. அதற்காக அவன் தூக்கத்தைத் தொலைத்திருந்தான், கொஞ்சம் தலைமுடியையும். திறப்பு விழாவுக்கு மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது. படைத்தவர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"எங்க வீட்டுல யாரும் வர மாட்டாங்க. தூரம்," என்று அல்போன்ஸ் சொல்லிவிட்டான்.

வீடு ராயபுரத்தில் இருந்தது. அலுவலக வாசலிலிருந்து ஒரே பஸ்.

"என்ன குறைன்னு சொல்லுங்க, சரி பண்றேன்," என்றான்.

"குறைன்னு நான் சொல்லலையே."

"அப்புறம்?"

"உங்க உலகத்துல யார் யாரு இருக்காங்க?"

அது அவனுக்குப் பிடித்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மேலே வெண்மலை. அங்கே வாழ்பவர்கள் வெண்மலையார். நூலகம், யாழ், நீண்ட வெள்ளை அங்கி. வாயைத் திறந்தால் செந்தமிழ்.

கீழே கழிமுகம். ஆறு கடலில் கலக்கிற சேற்று நிலம். அங்கே வாழ்பவர்கள் கழிமுகத்தார். கறுத்த உடம்பு, கையில் கத்தி, பிழைப்பு வழிப்பறி. வாயைத் திறந்தால் வட சென்னைப் பேச்சு.

அந்தப் பேச்சைத்தான் அலுவலகமே கொண்டாடியது. குரல் கொடுத்தது அல்போன்ஸேதான். ஒலிப்பதிவு அறையில் அவன் "இன்னா மொறைக்கிற?" என்றபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எங்க சார் புடிச்சீங்க இத? அப்படியே இருக்கு," என்று கேட்டார்கள்.

"எல்லாம் சினிமா பார்த்துதான்," என்றான் அல்போன்ஸ்.

அதை அவன் இப்போது வாத்தியாரிடம் சொல்லவில்லை. வேறொன்று சொன்னான்.

"ரெண்டுல எங்க வேணும்னாலும் ஆட்டக்காரங்க பொறக்கலாம். நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணல."

"சரி. நீங்க போய் கழிமுகத்துல பொறந்துட்டு வாங்க."

"நான் படைச்ச எடம். எனக்குத் தெரியாதா?"

"அப்ப சீக்கிரம் முடிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு வாத்தியார் டீயைக் குடித்தார்.

*

அல்போன்ஸ் தன் இருக்கைக்குப் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சேற்றில் பிறந்தான்.

சுற்றிலும் குடிசைகள். ஒன்றின் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. சுவரில் கதவு மாதிரி வரைந்து விட்டிருந்தான், அவ்வளவுதான். மலையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது போதும் என்று அப்போது தோன்றியது.

மழை பிடித்துக்கொண்டது. அதுவும் அவன் வைத்த மழைதான். வெண்மலை மாடத்திலிருந்து பார்த்தால் கழிமுகத்து மழை கொள்ளை அழகு. ஒதுங்க ஒரு கூரை தேடிச் சேற்றில் அலைந்தான். எந்தக் கூரைக்கு அடியிலும் இடம் இல்லை.

ஆற்றுப் பாலத்தில் வெண்மலையார் இருவர் வாளோடு வந்தார்கள். அல்போன்ஸுக்கு ஆட்களைத் தெரியும். பக்கத்து மேசை இளம்பரிதியும் அவன் கூட்டாளியும். உலகத்தில் ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று ஆடிப் பார்ப்பது அவர்கள் வேலை. எதிரே வருவது அல்போன்ஸ் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பாலத்தின் நடுவில் ஒரு பலகை சரியாகப் பொருந்தவில்லை. கால் வைத்தால் உள்ளே போய்விடும். அது நினைவுக்கு வந்ததும் அல்போன்ஸ் அவர்களை நோக்கி ஓடினான்.

ஆனால் அந்த உலகத்தில் யாரும் தன் இஷ்டத்துக்குப் பேச முடியாது. ஆட்டக்காரர்கள் கண்டபடி பேசினால் உலகத்தின் அழகு கெட்டுவிடும் என்று அவனே செய்த ஏற்பாடு அது. எழுதி வைத்த வாக்கியங்கள் திரையின் ஓரத்தில் தெரியும். ஒன்றைத் தொட்டால் அதைப் பேசலாம். வெண்மலையாருக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான்.

கழிமுகத்தாருக்கு நான்கு.

இன்னா மொறைக்கிற?

துட்ட வை.

கீசிடுவேன்.

செத்தடா மவனே.

இருப்பதில் சாதுவானதைத் தொட்டான்.

"இன்னா மொறைக்கிற?" என்றது அவனுடைய குரல்.

அவர்கள் அவனை வெட்டினார்கள்.

மறுபடி அதே சேற்றில் பிறந்தான். மறுபடி ஓடினான். மறுபடி வெட்டினார்கள். அவர்களும் பாலத்தில் விழுந்தார்கள். எழுந்து வந்து, விழுந்ததற்கும் சேர்த்து அவனையே தேடிப் பிடித்து வெட்டினார்கள். பக்கத்து மேசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தினமும் அவனோடு டீ குடிக்கிறவர்களின் சிரிப்பு. அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஓடவில்லை. வரைந்த கதவு ஒன்றின் முன்னால் நின்றுகொண்டான்.

மழையில் ஒரு வெண்மலைப் பெண் இறங்கி வந்தாள். அவள் கையில் வாள் இல்லை.

"நலமா, அன்பரே?" என்றாள்.

அல்போன்ஸ் நான்கு வாக்கியங்களையும் பார்த்தான். எதையும் தொடவில்லை.

"தங்கள் பெயர் யாது?"

தன் பெயரைச் சொல்ல அவனிடம் வழி இல்லை.

அவள் போகவில்லை. ஓரடி நெருங்கி வந்தாள். பிறகு கேட்டாள்.

"உணவு அருந்தினீர்களா?"



அந்தக் கேள்வி அவனுக்குத் தெரியும். எந்த நேரத்தில் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து வரும். "துன்னியாடா?" வெண்மலையாருக்கு வசனம் எழுதியபோது, நல்லவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று யோசித்தான். அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள். அவள் கேட்பதை அப்படியே எடுத்து, பேச்சை மட்டும் அலசி வெளுத்து, மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டான். கத்தியை எடுத்து அவள் பேச்சுக்குக் கொடுத்தான்.

வெண்மலைப் பெண் மழையில் காத்திருந்தாள்.

திரையின் ஓரத்தில் நான்கு வாக்கியங்கள் மினுங்கின.

அல்போன்ஸ் ஹெட்போனைக் கழற்றினான்.

*

வாத்தியார் தன் மேசையில் இருந்தார். அவர் திரையில், வெண்மலைப் பெண்ணுக்கு எதிரே, மழையில், கறுத்த மனிதன் ஒருவன் கத்தியோடு அசையாமல் நின்றான்.

"வாங்க," என்றார் வாத்தியார். "என்னமோ கேட்டுட்டு இருந்தீங்க. இப்ப கேளுங்க."

அல்போன்ஸ் நின்றுகொண்டே இருந்தான். கண் கலங்கியிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"தொறக்காத வாத்தியாரே," என்றான். "அங்க ஒரு வூட்லயும் அடுப்பு எரியல. எப்டி தொறப்ப?"

சுற்றியிருந்த மேசைகளில் சிரிப்பு வெடித்தது. இளம்பரிதி எழுந்து நின்று கைதட்டினான்.

"சார், அப்படியே அந்தக் குரல் சார். இன்னொரு தடவ பேசுங்க."

அல்போன்ஸ் திரும்பினான்.

"குரல் இல்ல தம்பி," என்றான். "எங்கம்மா இப்டித்தான் பேசும்."