மூன்று சாமிக்கு நேர்ந்த ஒரு தலை

தீர்ப்புச் சொல்லப் போகிறவர்கள் முழுக்கக் கேட்டுவிட்டு வாயைத் திறக்கவும். பாதியில் கட்சி சேர்ந்தவர்களால்தான் ஆவுடையம்மாள் அந்தப் பாடு பட்டாள்.

பிற்காலத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஆச்சியாகப் போகிற அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். புருஷன் குற்றாலிங்கம், மாமியார் பிச்சம்மாள், ஒரே மகன் அய்யாக்குட்டி. கூப்பிடு தூரத்தில் அண்ணன் நெல்லையப்பன் வீடு. நாற்று நடவு, மாட்டுத் தொழுவம், நெல் அவிப்பு எதற்கும் சலிக்காதவளை மகனுடைய தலைமுடி அழவைத்தது.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே குற்றாலிங்கம் திருச்செந்தூருக்குப் போய், சுகமாகப் பிறந்தால் முதல் முடி உனக்குத்தான் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டான். வீட்டுக்கு வந்து மூச்சு விடவில்லை. பிறந்த அன்றே பிச்சம்மாள், முதல் முடி குலதெய்வமான சாஸ்தாவுக்கு என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். அந்த வம்சத்தில் முதல் முடி வேறெங்கும் போனதில்லையாம். தத்தித் தத்தி நடக்கிற வயதில் பையனுக்கு அம்மை போட்டது. நெல்லையப்பன் இருக்கன்குடி மாரியம்மனிடம் ஓடினான். அவன் நேர்ந்ததும் முதல் முடியைத்தான். அம்மை இறங்கியது. மூவருமே பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தவர்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மொட்டை எடுக்க நாள் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பூமுடி எடுத்து மூன்று கோயிலுக்கும் கொடுத்துவிடலாமே என்று ஆவுடையம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

“மிச்சம்மீதியையா சாமிக்குக் கொடுப்பாக?” என்று பிச்சம்மாள் சீறினாள்.

“தாய்மாமன் மடியில உக்காராம மொட்டை எடுத்துருவீயளா? என் மடி இருக்கன்குடிக்குத்தான் வரும்” என்றான் நெல்லையப்பன்.

குற்றாலிங்கம் பேசவேயில்லை. பிடிவாதக்காரர்களில் பேசாத ரகம் ஒன்று உண்டு. அதோடு மல்லுக்கட்டவே முடியாது.

சாமிக்கு நேர்ந்த முடியில் கத்தரி படக்கூடாது. முடி தோளைத் தொட்டது, முதுகில் இறங்கியது, இடுப்புக்கு வந்தது. சீயக்காய் அரைப்பது, அலசுவது, உலர்த்துவது, சிக்கெடுப்பது, பேன் பார்ப்பது, பின்னிவிடுவது எல்லாம் ஆவுடையம்மாள் பாடு. நேர்ந்துகொண்ட மூவரில் ஒருவர்கூட அந்தத் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்ததில்லை. பூக்காரி வாசலில் நின்று, “மகளுக்கு ஒரு முழம் வாங்குங்களேன்” என்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே வாத்தியார் அவனைப் பெண்பிள்ளைகள் வரிசையில் உட்காரவைத்துவிட்டார். அழுதுகொண்டே திரும்பியவன் அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றான். அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. யாரைத் திட்டுவது? மூன்று பக்கமும் சாமி அல்லவா நிற்கிறது!

அந்த மாசி மாதம் வெயில் முன்கூட்டியே கொளுத்தியது. பையன் தலையெல்லாம் சிரங்கு. சீழ் வைத்து, முடியோடு ஒட்டி, ஈ மொய்த்தது. காய்ச்சலும் வந்துவிட்டது. வைத்தியர் பார்த்துவிட்டு, “முடியை எடுத்தால்தான் மருந்து தோலில் படும். தள்ளிப்போட்டால் பிள்ளை தாங்கமாட்டான்” என்றார்.

ஆவுடையம்மாள் மூன்று பேரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டாள். பிள்ளையின் தலையைப் பார்த்து மூவரும் பதறினார்கள். முடியை எடுத்துவிடலாம் என்று மூவருமே ஒத்துக்கொண்டார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

“நாளைக்குக் காலையில திருச்செந்தூர் போயிருவோம்” என்று குற்றாலிங்கம் வாயைத் திறந்தான்.

“இப்பவே வண்டி பூட்டுதேன், இருக்கன்குடிக்கு” என்றான் நெல்லையப்பன்.

“பங்குனி உத்திரம் அடுத்த மாசந்தானே? சாஸ்தா கோயில்ல வச்சு எடுத்துருவோம். அதுவரைக்கும் வேப்பெண்ணெ போடு தாயி” என்றாள் பிச்சம்மாள்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டார்கள். முற்றம் சந்தைக்கடை ஆயிற்று. பையன் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினான். ஆவுடையம்மாள் உள்ளே போய்த் துணி வெட்டும் கத்தரியை எடுத்துவந்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மகன் தலையைத் தன் மடியில் சாய்த்து, அடியோடு வெட்டத் தொடங்கினாள். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதித் தலை ஆகியிருந்தது.

“அடிப் பாவி! சாமிக்குச் சொன்ன முடியாச்சே! தெய்வகுத்தம் பிள்ளைய விடுமா, ஏட்டி?” என்று பிச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆண்கள் இருவரும், தரையில் கிடந்த முடி என் சாமிக்கு, உன் சாமிக்கு என்று அப்போதும் அடித்துக்கொண்டார்கள்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். முதலில் நேர்ந்த தகப்பனுக்கா, வம்ச வழக்கத்தைக் காத்த பாட்டிக்கா, அம்மையில் ஓடிப்போய் நின்ற மாமனுக்கா, அந்த முடி யாருக்குச் சேரவேண்டும்? யாரையும் கேட்காமல் கத்தரி வைத்தாளே, ஆவுடையம்மாள் செய்தது சரியா?

விடை: அவள் செய்தது சரி. முடி அந்த மூவரில் யாருக்கும் சேராது. நேர்ந்துகொள்கிறவர் தன்னிடம் இருப்பதைத்தான் சாமிக்குக் கொடுக்கமுடியும். இவர்கள் பிள்ளையின் தலையைக் கொடுத்துவிட்டு, வலியையும் அவனுக்கே விட்டுவிட்டார்கள். ஆவுடையம்மாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கே அதைச் சொன்னாள்: “சாமிகிட்ட சொன்னது நீங்க. உங்க தலையில முடி இல்லையா?” ஆண்கள் இருவரும் நல்ல நாள் பார்க்கவேண்டும் என்றார்கள், எனக்குத் தெரிந்து கடைசிவரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். மருந்து பட்டுப் பிள்ளையின் சிரங்கு ஆறியது. பிச்சம்மாள் பங்குனி உத்திரத்துக்குத் தனியாகக் கோயிலுக்குப் போய், மொட்டைத் தலையோடு திரும்பி வந்தாள். மருமகள் சந்தனம் அரைத்து அந்தத் தலையில் பூசிவிட்டாள். “லேசா இருக்கு ஆவுடை” என்றாள் பிச்சம்மாள். “பிள்ளைக்கு எம்புட்டுக் கனத்திருக்கும்.”