மருத்துவம் கேட்ட அழுங்கு

மலைக்காட்டில் பவளம் என்றோர் அழுங்குப் பெண், அதாவது எறும்புதின்னிப் பெண், இருந்தாள். அவளுடைய அம்மா மாரக்காள். இருவருக்கும் வாழ்வாதாரம் ஒரு கரையான் புற்று.

மலை உச்சியில் விலங்குகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. மருத்துவம், காட்டுவழி காட்டுதல், மண் தோண்டுதல் என்று அங்கே படிப்புகள் இருந்தன. பவளம் நுழைவுத் தேர்வை நன்றாகவே எழுதியிருந்தாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். போன மழைக்காலத்தில் அவள் தம்பிக்குக் காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தது. வைத்தியம் பார்க்க அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவன் பிழைக்கவில்லை.

மாணவர் சேர்க்கை நெருங்கியதும் குப்பாண்டி நரி வந்தான். இடமெல்லாம் முன்பே பேசி முடித்தாகிவிட்டது, மேலே தனக்கு ஆள் இருக்கிறது என்றான். புற்றைத் தனக்கு எழுதிக் கொடுத்தால் மண் தோண்டும் படிப்பில் ஓரிடம் வாங்கித் தருவதாகச் சொன்னான். மருத்துவத்தை முதலில் கேட்டு அது கிடைக்காமல் போனால் வேறு எந்த இடமும் கிடைக்காது என்றும் பயமுறுத்தினான்.

"நகம் இருக்கு, தோண்டட்டும். அழுங்குக்கு எதுக்கு மருத்துவம்?" என்றான்.

மாரக்காள் நடுங்கிப்போனாள். அவர்கள் வம்சத்தில் யாரும் அந்த மலை ஏறியதில்லை. புற்று போனாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு ஏதோ ஓரிடம் கிடைத்தால் போதும் என்று நினைத்தாள்.

"அம்மா, அவன் சொல்றது நிஜமான்னு அங்கேயே போய்க் கேட்போம். அதுவரைக்கும் புற்றைப் பற்றிப் பேச வேண்டாம்" என்றாள் பவளம்.

சேர்க்கை நாளன்று இருவரும் மலை ஏறினார்கள். முயல், முள்ளம்பன்றி, மான் என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சேர்க்கையைக் கவனிக்கும் செங்கம்மா கரடி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். பவளத்தின் முறை வந்தபோது குப்பாண்டி பக்கத்தில் வந்து, தோண்டுவதை மட்டும் கேள் என்று காதோரம் உறுமினான்.

எல்லாக் கண்களும் பவளத்தின் மேல் இருந்தன. பயந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது அழுங்குகளின் பழக்கம். அவள் தலையும் வயிற்றை நோக்கிக் குனிந்துவிட்டது. பல்லைக் கடிக்கலாம் என்றால் அழுங்குக்குப் பல்லும் கிடையாது. எப்படியோ நிமிர்ந்தாள்.

"கரடியம்மா, மருத்துவத்தை முதல்ல கேட்டு அது கிடைக்கலைன்னா, ரெண்டாவதா கேட்டதும் போயிடுமா?"

"யார் சொன்னது?" என்றாள் கரடி. "மதிப்பெண் வரிசைப்படி கூப்பிடுவோம். நீ எந்த வரிசையில கேட்டியோ அதே வரிசையில பார்ப்போம். முதலாவது இல்லைன்னா ரெண்டாவது, அதுவும் இல்லைன்னா மூணாவது. கிடைச்சதை வச்சுக்கிட்டே மேல உள்ளதுக்குக் காத்திருக்கலாம். யாராவது விலகினா அடுத்த சுற்றுல அந்த இடம் உனக்கு வரலாம்."

"இதுக்கு யாரையாவது பிடிக்கணுமா?"

"எதுக்கு? நீயே வந்து நிக்கிறியே."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஓர் இடத்துக்காகக் குப்பாண்டியிடம் தன் வளையை எழுதிக் கொடுத்திருந்த முயல் அவனைத் திரும்பிப் பார்த்தது.

அவன் விடவில்லை. "மான் வீட்டுப் பிள்ளைங்களோட நீ மோதப்போறியா?" என்றான்.

"மோதத்தான் வந்தேன்" என்றாள் பவளம். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி மருத்துவம், வழிகாட்டுதல், தோண்டுதல் என்று வரிசையாகச் சொன்னாள்.

முதல் சுற்றில் அவளுக்கு வழிகாட்டும் படிப்புதான் கிடைத்தது. தன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது என்று குப்பாண்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். கிடைத்ததே போதுமே என்று மாரக்காளும் கெஞ்சினாள். பவளம் அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு மருத்துவத்துக்காகக் காத்திருந்தாள். இரவில் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கேட்டதை மாற்றவில்லை.

அடுத்த சுற்றில் மான் ஒன்று பக்கத்துக் காட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டது. அது விட்டுப்போன மருத்துவ இடம் பவளத்துக்கு வந்தது.

மறு வருஷம் குப்பாண்டி முள்ளம்பன்றி வீட்டு வாசலில் நின்று, இடமெல்லாம் முடிந்துவிட்டது என்று ஆரம்பித்தான். அந்த வழியே போன மாரக்காள் நின்றாள். அதுவரை அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் அவள்.

"நீ கிளம்பு குப்பாண்டி" என்றாள். "எங்களுக்கு வேண்டியதை நாங்களே போய்க் கேட்டுக்குவோம்."

முள்ளம்பன்றிக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு அவளே மலைப்பாதையில் முன்னால் நடந்தாள்.

உனக்கு எது பொருந்தும் என்று அடுத்தவர் தீர்மானிக்க விடாதே. முறையை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேண்டியதை முதலில் கேள்.