மூன்றாம் வளைவில் கேட்ட குரல்

ஒரு காட்டில், மேகத்துக்குள் பாதி மறைந்த பாறைமலை ஒன்று இருந்தது. கோடையில் அடிவாரத்துப் புல் தீப்பிடிக்கும். அப்போது உச்சிக்கு ஏறத் தெரிந்தவர்கள் மட்டுமே பிழைப்பார்கள்.

அதனால் கொம்பன் என்ற வரையாட்டுக் கடா அங்கே மலையேறக் கற்றுக்கொடுத்தான். அவன் கால் வழுக்கி யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே இருந்தது.

"எல்லோரும் வரலாம். பயப்படுகிறவர்கள் மட்டும் வர வேண்டாம்," என்பான்.

பெண் விலங்குகள் முதல் நாள் வருவார்கள். மூடுபனி சூழ்ந்த மூன்றாம் வளைவு வரை ஏறுவார்கள். மறுநாள் வர மாட்டார்கள்.

"பெண்களுக்கு மலையில் நாட்டமில்லை," என்று கொம்பன் சொல்லிவிடுவான்.

பூளை என்ற இளம் வரையாடு மட்டும் விடாமல் வந்தாள். ஒருநாள் அவளோடு ஏறிய தோழி அந்த வளைவில் காணாமல் போனாள். ஈர மண்ணில் தோழியின் குளம்புத் தடங்கள் இடப்பக்கம் திரும்பி, பாறை விளிம்பு வரை போயிருந்தன. ஓடிய தடங்கள் அல்ல. யாரோ கூப்பிட, நிதானமாக நடந்துபோன தடங்கள்.

"வழுக்கியிருப்பாள்," என்றான் கொம்பன்.

பூளை நேரே மிளா என்ற பெண்மானைத் தேடிப் போனாள். அருகே மரக்கிளையில், அவளைப் போலவே ஏறுவதை நிறுத்திவிட்ட மந்தி ஒருத்தியும் உட்கார்ந்திருந்தாள்.

"மிளா அக்கா, ஏன் ஏறுவதை நிறுத்திவிட்டீர்கள்?"

"காலில் சுளுக்கு," என்றாள் மிளா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பூளை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று, "நான் ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வளைவில் என் அம்மா என்னைக் கூப்பிடுகிறாள். அவள் இறந்து இரண்டு கோடை ஆகிறது," என்றாள்.

மிளா அவளை நேராகப் பார்த்தாள். "எனக்கு என் கன்றின் குரல். அதைச் சிறுத்தை தூக்கிப்போய் ஒரு மழைக்காலம் ஆயிற்று."

"எனக்கு என் தங்கை. எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்," என்றாள் மந்தி, மேலே இருந்து.

"எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது?"

"இடப்பக்கம்," என்றார்கள் இருவரும்.

அடுத்த நாளே பூளை பெண்களுக்கென்று தனி வகுப்பு தொடங்கினாள். முதலில் எல்லோரும் அடிவாரத்தில் உட்கார்ந்து, எது அச்சமூட்டுகிறது என்று சொன்னார்கள். குட்டிகளை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாக ஏறுபவள் முன்னால் போனாள். குரல் கேட்டால் உடனே உரக்கச் சொல்ல வேண்டும். ஒருத்தி சொன்னதும் மற்றவர்கள் அவளை ஒட்டி நின்றார்கள். குரல் ஓயவில்லை. ஆனால் யாரும் இடப்பக்கம் போகவில்லை.

"மலையேற வந்தீர்களா, புலம்ப வந்தீர்களா?" என்று கொம்பன் சிரித்தான்.

கோடை வந்தது. புல் தீப்பிடித்தது. புகையும் மூடுபனியும் கலந்து, முன்னால் போகிறவரின் வால்கூடத் தெரியவில்லை. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் உரசியபடி ஏறினார்கள். மூன்றாம் வளைவில் கொம்பன் தனியாக நின்றிருந்தான். அவன் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"அண்ணே, ஏதாவது கேட்கிறதா?" என்றாள் பூளை.

"எனக்கா? ஒன்றுமில்லை."

"எங்களுக்கும் கேட்கிறது. சொன்னால் போதும், எங்களோடு வந்துவிடலாம்."

"ஒன்றுமில்லை என்கிறேனே," என்றான் கொம்பன். அவன் கண்கள் நனைந்திருந்தன. நிதானமாக, ஒரு குளம்பும் வழுக்காமல், இடப்பக்கப் புகைக்குள் நடந்தான். பூளை கூப்பிட்டாள். மிளா கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. கல் உருளும் ஓசைகூடக் கேட்கவில்லை.

பெண்கள் அனைவரும் உச்சியை அடைந்து பிழைத்தார்கள். நெருப்பு அடங்கியபின் அதே வழியில் இறங்கினார்கள். மூன்றாம் வளைவில் மிளா சட்டென்று நின்றாள்.

"புதிதாக ஒரு குரல் கேட்கிறது," என்று உரக்கச் சொன்னாள்.

எல்லோருக்கும் கேட்டது. மூடுபனிக்குள்ளிருந்து கொம்பன் பேசினான்.

"இங்கே தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. யாராவது வாருங்களேன்."

பூளை கண்களை மூடிக்கொண்டாள். பிறகு மிளாவின் தோளோடு தோள் சேர்த்து, விளிம்புப் பக்கம் திரும்பாமல் கீழே இறங்கினாள்.

நீதி: அச்சத்தைச் சொல்ல இடம் கொடுக்கும் கூட்டமே எல்லோரையும் மேலே கொண்டுசேர்க்கும்.