நடுவில் ஒரு கணவாய்

குருவின் கழுத்தில் பைனாகுலர், சீடன் முதுகில் ஸ்பீக்கர். ஆசிரமம் எல்லாம் இந்தக் கதையில் கிடையாது.

குரு மங்கையர்க்கரசி, மலைக்காட்டுப் பறவைகளை ஆராய்கிறவர். சீடன் செல்வின், அவரிடம் பிஎச்.டி. பண்ணுகிறான். யாரும் சேர்த்துக்கொள்ளாத அவனை அவர்தான் சேர்த்துக்கொண்டார். அந்த நன்றி அவனுக்குத் தொண்டை வரைக்கும் இருந்தது.

அவன் ஆராய்வது ஒரு சாம்பல் குருவி. வடக்கு மலையிலும் இருக்கிறது, தெற்கு மலையிலும் இருக்கிறது. வடக்கில் இருப்பது தனி இனம் என்று தெரிந்தால் அதற்கு மேடத்தின் பெயரை வைத்துவிடுவான். நன்றி சொல்ல வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

அலகை அளந்தான். இறகை அளந்தான். வித்தியாசமே இல்லை. ஒரு மலையிலிருந்து அடுத்ததற்குப் போக நடுவில் உள்ள கணவாயை பஸ்ஸில் தாண்ட வேண்டும். அனல். ஒவ்வொரு தடவையும் அந்தக் கணவாயைத் திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவான்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். என் நேரம்" என்றான்.

"அதைச் சொல்ல நீ யாரு? குருவியைக் கேளு."

வடக்கு மலைக்குப் போனார்கள். ஒரு குருவி பாடும் மரத்தடியில் ஸ்பீக்கரை வைத்து, அதே மலையில் பதிந்த பாட்டைப் போட்டார் மங்கையர்க்கரசி. குருவி பாய்ந்து வந்து ஸ்பீக்கரைக் கொத்தியது. தன் இடத்தில் எவனோ புகுந்து ஜோடி தேடுகிறான் என்று அதற்குக் கோபம்.

பிறகு தெற்கு மலைப் பாட்டு. குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூச்சி பிடிக்கப் போய்விட்டது. பெட்டையும் எட்டிப் பார்க்கவில்லை.

செல்வினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேடம் அசையவில்லை.

"சண்டை போட்டுக் களைச்சிருக்கும். அடுத்ததைக் கேளு."

முனகிக்கொண்டே மரம் மரமாகக் கேட்டான். பாட்டை முன்பின் மாற்றிப் போட்டும் கேட்டான். தெற்கு மலைக்கும் போய்க் கேட்டான். அந்த மலைப் பாட்டை இந்த மலையில் எந்தக் குருவியும் தன் ஆள் பாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டே புரியாதவை ஜோடி சேராது; அப்படியென்றால் இரண்டும் தனித்தனி இனம்தான்.

கடைசி நாள், மலை விளிம்பில் நின்று, பெயர் விஷயத்தைச் சொன்னான். அவர் சிரித்தார்.

ஒரு காலத்தில் கீழேயும் குளிர்தானாம். இங்கிருந்து அங்கே வரை ஒரே காடு, ஒரே பாட்டு. கீழே சூடாகச் சூடாகக் காடு இரண்டு பக்கமும் மேலே ஒதுங்கியது. குருவியும் கூடவே ஒதுங்கியது. அதற்கு அந்த வெயிலைத் தாண்ட முடியாது. அப்புறம் பாட்டு இங்கே ஒரு பக்கம் போயிற்று, அங்கே ஒரு பக்கம் போயிற்று.

"நான் ஸ்பீக்கர்தான் வெச்சேன்" என்றார். "ஒண்ணை ரெண்டாக்கினது அது. பேரு வெக்கணும்னா அதுக்கு வை."

அவர் கை காட்டிய இடத்தில் கணவாய் வெள்ளை வெயிலில் கிடந்தது.

"அப்போ உங்களுக்கு நான் என்னதான் பண்றது, மேடம்?"

"பஸ்ல திட்டாம வா."

கணவாய் முழுக்க அன்று ஜன்னல் திறந்தே இருந்தது. செல்வின் தூங்கவில்லை.