இரண்டாம் தடவை யார் கேட்பது?

உடன்பிறந்தவர்கள் உள்ளவர்கள் மட்டும் இந்தப் புதிருக்கு விடை சொல்லுங்கள். மற்றவர்களுக்கு இதன் எரிச்சல் புரியாது.

பூனாவில் வாக்கப்பட்ட காந்திமதி, லீவுக்குத் திருநெல்வேலியில் அண்ணன் உலகநாதன் வீட்டுக்கு வந்திருந்தாள். மகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகமும் பாட்டு சி.டி.யும் வாங்க வேண்டும் என்றாள். அண்ணனும் மதினி வடிவும் ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனார்கள்.

வடிவு ஒரு பக்திப் பாட்டு சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு வேணுமா?" என்றார் உலகநாதன். "எனக்கெதுக்கு?" என்று அடுக்கில் வைத்தாள். அவர் அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார். அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

குவியலுக்குள்ளிருந்து காந்திமதி ஒரு நோட்டை உருவினாள். நீல மையில் அம்மாவின் கையெழுத்து. ஊர்க் கல்யாணங்களில் அம்மா பாடிய நலுங்கும் லாலியும் வரிசையாக இருந்தன. அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே குரல் கட்டிப்போய்விட்டது. அதற்கப்புறம் அந்த நோட்டைப் பார்த்துப் பாடியது காந்திமதிதான். இப்போது பாதி நோட்டுதான் மிச்சம். ஊஞ்சல் பாட்டு நடுவில் அறுந்து நின்றது. மற்ற ஏடுகள் எந்தக் கடையில் பொட்டலமாகப் போயினவோ.

"அண்ணே, இது எப்படி இங்க வந்துச்சு?"

"அம்மா பெட்டியில கிடந்ததை எல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டேன். அம்மாவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கு, வேணுமான்னு உங்கிட்ட கேட்டேம்லா? வேண்டாம்னுட்டியே."

அவர் கேட்டது உண்மை. அவள் வேண்டாம் என்றதும் உண்மை. ஆனால் திருநெல்வேலிப் பக்கத்தில் முதல் தடவையே யார் சரி என்பார்கள்? பந்தியில் போதும் என்று கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி விழத்தான் செய்யும். தாய் செத்த வீட்டில் சாமானுக்கு அலைகிறாள் என்று பேர் வாங்க எந்த மகளுக்கு மனசு வரும்? அன்றைக்கு அண்ணன் இன்னொரு தடவை கேட்பார் என்று நின்றாள். அவர் கேட்கவில்லை. பக்கத்தில் காப்பித் தம்ளரோடு நின்ற வடிவும் வாயைத் திறக்கவில்லை.

உலகநாதன் நோட்டை வாங்கிக் கடைக்காரரிடம் நீட்டினார். "இதையும் சேர்த்துப் போடுங்க. தங்கச்சிக்கு நான்தான வாங்கிக் குடுக்கணும்."

பெற்ற தாயின் கையெழுத்தை அண்ணன் கடையில் வாங்கிச் சீராகக் கொடுக்கிறார். பில் போட்டதும் காந்திமதி நோட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

மனசில் ஆசையை வைத்துக்கொண்டு வேண்டாம் என்ற தங்கை, ஒரு தடவையோடு நிறுத்திய அண்ணன், பார்த்துக்கொண்டு நின்ற மதினி. இந்த மூவரில் யார் செய்த பிழை பெரிது?

விடை: அண்ணன் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வீர்கள். ஆனால் அந்த மனுஷர் மரமண்டை, அவ்வளவுதான். யார் வேண்டாம் என்றாலும் அவருக்கு அது வேண்டாம்தான். காந்திமதி ஊர் வழக்கப்படி நடந்தாள். அந்த வேண்டாமுக்கு அர்த்தம் தெரிந்தவள் வடிவு ஒருத்திதான். தினமும் அதைச் சொல்லிவிட்டு இன்னொரு கேள்விக்குக் காத்திருக்கிறவள் அவள். "காந்திக்கு ஆசை இருக்கும், கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தனக்கு வாய்க்காதது நாத்தனாருக்கு மட்டும் எதற்கு என்று இருந்துவிட்டாள். காந்திமதிக்குப் பூனா போய்ச் சேர்ந்ததும் அண்ணன்மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. மதினியிடம் மட்டும் அவள் இன்றுவரை பேசவில்லை.