கதவை மூடச் சொன்னதற்கு ஒரு பதக்கம்

தாணுமாலயன் மடத்துக்கு வந்தபோது ஒரு பெட்டியில் நாலு வேட்டியும் ஏழு பதக்கங்களும் கொண்டுவந்தார். ஆயுள் முழுக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

மடத்துக் குருவான சங்கரவடிவு அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. சின்னவளிடம் இவர் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார் என்று ஊரில் கேட்டார்கள். ஊருக்கு வேறு என்ன வேலை?

தாணுமாலயனிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எந்த வேலை சொன்னாலும் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "விறகு எடுத்துட்டு வாங்க" என்றால், "விறகு எடுத்துட்டு வாரேன்." கடலுக்கு அடியில் கட்டளை ஒன்று காதில் தப்பாக விழுந்தால் அத்தனை பேருக்கும் அதோடு முடிந்தது. அதனால் அங்கே அப்படித்தான். மடத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரு நாள் அவர் பயிற்சி பெற்ற கடற்படைப் பள்ளியிலிருந்து போன் வந்தது. புதிய கூடம் ஒன்றுக்கு அவர் பெயரை வைக்கிறார்களாம். பதக்கங்களோடு வர வேண்டுமாம்.

போனை வைத்தவர் சமையலறைக்குள் போனார். காரணமே இல்லாமல் சமையல்காரரிடம் கத்தினார். சாம்பார்ச் சட்டியைச் சுவரில் அடித்தார். பிறகு குருவிடம் வந்து நின்றார்.

"அம்மா, இந்தக் கோபம் என்னை விட மாட்டேங்குது. எப்படி விடணும்னு சொல்லுங்க."

"யார் மேல கோபம்?"

"கடைசிப் பதக்கத்து மேல."

"உக்காந்து சொல்லுங்க."

அவர் உட்காரவில்லை.

"இன்ஜின் ரூம்ல கடல் தண்ணி புகுந்துட்டு. உள்ள வியாகுலம்னு ஒரு பையன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. நான் மைக்ல கதவை மூடச் சொன்னேன். 'கதவை மூடுறேன் சார்'னு திருப்பிச் சொன்னான். வெளிய வந்து மூட நேரம் இல்ல. உள்ள நின்னே மூடிட்டான். நாங்க எல்லாரும் மேல வந்தோம்."

"அதுக்கா கோபம்?"

"இல்லம்மா. அது கடல். கடல் அப்படித்தான். விசாரணையில, வியாகுலம் வால்வைத் தப்பாத் திறந்துட்டான்னு எழுதிட்டாங்க. அந்த வால்வு முன்னாடியே கெட்டுப்போச்சு. கெளம்பும்போதே மேலதிகாரிகிட்ட சொன்னேன். சொன்ன தேதியில கெளம்பியாகணும், தாங்கும்னுட்டார். அந்த ஆளுதான் இப்ப விழாவுக்குத் தலைமை."

"விசாரணையில நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சமயத்துல கட்டளை போட்டேன்னு எனக்குப் பதக்கம் குத்தினாங்க."

"வியாகுலத்தோட பொண்டாட்டி?"

"இருக்கா. கப்பலை முக்கப் பார்த்தவன் பொண்டாட்டின்னு ஊர்ல சொல்லுதாங்க."

சங்கரவடிவு அம்மா எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. குருமார்களுக்குக் கோபம் வராது என்று நம்பியிருந்த பிள்ளைகள் வாசலில் ஒதுங்கி நின்றார்கள்.

"அவ அங்க அவமானப்பட்டுக் கிடக்கா. நீங்க இங்க நிம்மதி தேடி வந்தீங்களாக்கும்?"

"பதக்கத்தை எல்லாம் கடல்ல எறிஞ்சிடுதேன்."

"எறிஞ்சா உங்க பெட்டி லேசாகும். அவளுக்கு என்ன ஆகும்?"

அம்மா அவர் எதிரே வந்து நின்றாள்.

"நான் சொல்லுததைத் திருப்பிச் சொல்லுங்க. வால்வு கெட்டிருந்தது."

விறகு எடுக்கச் சொன்னதை அத்தனை சுலபமாகத் திருப்பிச் சொன்ன வாய் அசையவில்லை.

"வால்வு கெட்டிருந்தது. சொல்லுங்க."

"வால்வு... கெட்டிருந்தது."

"வியாகுலம் தப்புப் பண்ணல."

"வியாகுலம் தப்புப் பண்ணல."

"எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கல."

"எனக்குத் தெரியும்!" என்று அவர் கத்தினார். "நான் வாயைத் திறக்கல! போதுமா? இப்ப உங்களுக்குத் திருப்திதானா?"

"எனக்கு எதுக்குத் திருப்தி? நான் கப்பலையே பார்த்ததில்ல. இதைச் சொல்ல வேண்டிய இடம் அந்த மேடை. ஏழு பதக்கத்தையும் குத்திக்கிட்டுப் போங்க. அதைப் பார்த்தாத்தான் அவங்க மைக்கை உங்க கையில குடுப்பாங்க."

"என்னைக் கோழைன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"இத்தனை வருஷம் சேர்த்த பேரு போயிரும்."

"போகும்."

அவர் அறைக்குப் போய்ச் சட்டை மாற்றி, பெட்டியோடு திரும்பி வந்தார்.

"போறேன், அம்மா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பேசி முடிச்ச பிறகாவது என் கோபம் அடங்குமா?"

"உங்க கோபமா?" என்றாள் சங்கரவடிவு அம்மா. "அது வியாகுலத்தோடது. இத்தனை வருஷம் நீங்க வச்சிருந்தது போதும். இனி கோபப்பட வேண்டியவ அவன் பொண்டாட்டி. கொண்டுபோய் அவ கையில குடுங்க."