முப்பது ஆடுகளும் ஒரு பொன் லேகியமும்

முதலில் ஒரு விடுகதை. கூப்பிடாமல் விருந்துக்கு வரும். கையும் இல்லை, காலும் இல்லை. வீட்டுக்காரர் இளைக்க இளைக்கத் தான் கொழுக்கும். அது என்ன?

'வயிற்றுப் பூச்சி' என்றவர்கள் சரியாகச் சொன்னீர்கள். 'அரசவையில் இருக்கும் யாரோ' என்றவர்கள் கை கால் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. ஆனாலும் கதையைக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் மாதளம்பட்டணத்தை வீரகண்டன் என்ற அரசர் ஆண்டுவந்தார். அவருக்கு எது பிடித்ததோ, அது எல்லோருக்கும் பலித்தாக வேண்டும். அரண்மனை வைத்தியர் குணபூஷணர், தேனும் குங்குமப்பூவும் முத்துப்பொடியும் சேர்த்து வயிற்றுப் பூச்சிக்கு ஒரு லேகியம் கிண்டினார். அரசர் ஒரு விரல் நக்கிப் பார்த்து, "ஆஹா!" என்றார். வைத்தியருக்குப் 'புழுக்காலன்', அதாவது புழுக்களுக்கு எமன், என்று பட்டமும் கொடுத்தார். அன்றிலிருந்து அரண்மனையில் ஒருவருக்கும் வயிற்றில் பூச்சி இல்லை. இருக்கிறது என்று சொன்னால் அரசரை எதிர்த்ததாகும். வயிறு வலித்தவர்கள் குனிந்தபடியே சிரித்தார்கள்.

ஆறு வயது இளவரசி அல்லிக்கு மட்டும் இந்த மரியாதை இன்னும் பழகவில்லை.

"அப்பா, வயிறு வலிக்குது" என்று அவையிலேயே அழுதாள். சாப்பிடுவதெல்லாம் பூச்சிக்குப் போய், அவள் கைகள் குச்சியாகிவிட்டிருந்தன.

குணபூஷணர் அசரவில்லை. "அரசே, லேகியத்தில் குறையில்லை. சோறுதான் குறுக்கே நிற்கிறது. நாற்பது நாள் சோற்றை நிறுத்தி, லேகியம் மட்டும் கொடுப்போம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர்.

அமைச்சர் அறவாழி இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தார். குழந்தை நாற்பது நாள் தாங்காது. லேகியம் பலிக்காது என்று சொன்னால் தம் தலையும் தங்காது. அவர் கைகூப்பிக்கொண்டு எழுந்தார்.

"அரசே, இவ்வளவு பெரிய மருந்தின் பெருமையை ஊரறியச் செய்ய வேண்டாமா? நம் பட்டியில் முப்பது வெள்ளாடுகள் பூச்சியால் வாடுகின்றன. பத்துக்கு லேகியம் கொடுப்போம். பத்துக்கு, ஆடு மேய்க்கும் வெள்ளச்சி வேப்பங்கொழுந்தும் வாய்விடங்கமும் போட்டுக் காய்ச்சும் கஷாயம். பத்துக்கு வெறும் தண்ணீர். பதினைந்து நாளில் லேகியம் வென்றுவிடும். அதுவரை இளவரசி சாப்பிடட்டும்."

"ஆட்டுக்கா? என் லேகியம் பலிக்க ராஜபக்தி வேண்டும். ஆட்டுக்கு அது ஏது?" என்று சீறினார் குணபூஷணர்.

"பூச்சிக்கு மட்டும் இருக்கிறதா, வைத்தியரே?"

அரசர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் அது உத்தரவு.

"தண்ணீர் எதற்கு, அறவாழி?" என்று கேட்டார்.

"சில ஆடுகள் தாமாகவே தேறும், அரசே. அந்தப் புகழை மருந்து திருடிக்கொள்ளக் கூடாதல்லவா?"

ஆடுகளின் கழுத்தில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று கயிறு கட்டினார்கள். மூடிய கொட்டகையில் அறவாழியே மூங்கில் குழாயால் மருந்து புகட்டினார். எந்தக் கயிற்றுக்கு எது என்பதை ஓலையில் எழுதி, அரசரின் முத்திரை வைத்து மூடினார்கள். மருந்து காய்ச்சிக் கொடுத்த வெள்ளச்சிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காலை ஆடுகள் அவைக்கு வந்தன. வெள்ளச்சி ஒவ்வொன்றின் கீழ் இமையையும் கட்டைவிரலால் மடித்துப் பார்த்தாள்.

"இதென்ன விளையாட்டு?" என்றார் குணபூஷணர்.

"வயித்துல பூச்சி ரத்தத்தைக் குடிச்சா இமைக்குள்ள வெளுத்திருக்கும் சாமி. தேறிட்டா செவந்திருக்கும். எங்க பட்டியில இப்படித்தான் பார்ப்போம்."

சிவப்புக் கயிற்று ஆடுகளில் எட்டு தேறியிருந்தன. வெள்ளையில் இரண்டு. கறுப்பில் மூன்று.

குணபூஷணர் துள்ளி எழுந்தார். "சிவப்புக் கயிறு என்னுடையது! அந்த மினுமினுப்பைப் பாருங்கள், அரசே. முத்துப்பொடியைத் தவிர வேறெதனால் வரும்?"

அரசர் ஓலையைப் பிரித்துப் படித்தார். சிவப்பு, வெள்ளச்சியின் கஷாயம். வெள்ளை, பொன் லேகியம். கறுப்பு, தண்ணீர்.

"ஆக, உம் லேகியத்தைத் தண்ணீர் ஒரு ஆடு வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறது" என்றார் அரசர்.

"ஆடுகளுக்கு நாக்கு சரியில்லை, அரசே! தாங்கள் சாப்பிட்டீர்களே, தங்களுக்குப் பலிக்கவில்லையா?"

வெள்ளச்சிக்கு அவை முறை தெரியாது. கேள்வி வந்தால் பார்த்துச் சொல்வதுதான் அவளுக்குத் தெரிந்த முறை. நேராக அரியணைக்குப் போய், அரசரின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மடித்தாள்.

"வெளுத்துத்தான் இருக்கு ராசா."

காவலர்கள் வாளை உருவினார்கள். அரசர் கையை உயர்த்தினார். அவர் முகம் சிவந்தது, பிறகு சுருங்கியது, பிறகு மெல்ல, "எனக்கும் இரண்டு மாதமாக வலிதான்" என்றார்.

அடுத்த நொடி, அவையில் இருபத்திரண்டு பேருக்கு வயிற்றுவலி வந்தது. ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வெள்ளச்சியின் பானைக்கு வரிசை பிடித்தார்கள். வரிசையில் ஐந்தாவதாக நின்றவர் குணபூஷணர்.

அரசர் வெள்ளச்சிக்கு மேய்ச்சல் நிலம் ஒன்று கொடுத்தார். குணபூஷணரின் பட்டத்தைப் பிடுங்கி, அவரை அரண்மனை மடைப்பள்ளியில் இனிப்பு கிண்ட அனுப்பினார். அறவாழிக்கு, இனி எந்த மருந்துக்கும் முதலில் 'ஆஹா' சொல்லும் உரிமையைக் கொடுத்தார். அறவாழி அதைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை.

பிறகு இளவரசியின் முன் ஒரு மண் குவளையும் ஒரு தங்கக் கிண்ணமும் வைக்கப்பட்டன. எதில் கஷாயம், எதில் லேகியம் என்று அவளிடம் சொன்னார்கள். "உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்" என்றார் அரசர்.

அல்லி மண் குவளையை எடுத்து முழுவதும் குடித்தாள். பிறகு, வாய் கசந்ததால், லேகியத்தில் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டாள்.